எருக்கு: மருந்தும் நஞ்சும்

சிவபெருமான் திருமுடியிலே கங்கையும் பிறையும் அரவும் கொன்றையும் விளங்குவன என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததொன்று. அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவன ஊமத்தமும் எருக்கும் ஆம். கொன்றை காண்பார் கண்ணுக்கு இனியது. ஏனை இரண்டும் நஞ்சுடையன; உலகத்தார் மங்கல வினைகளில் விரும்பிச் சூடாதன. பிறர் கழித்தவற்றைத் தன்பாற் சேர்த்துப் பெருமை தருதல் எம்பெருமானுக்கு இயல்பு. அவ்விரண்டனுள் எருக்கு என்னும் செடி, வழிபடு பொருளாகவும் மருந்தாகவும் நம் முன்னோரிடை வழங்கி வந்த வரலாற்றை ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றேன். இதனை எழுதுமாறு என்னைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மேற்றிசை மலையை நோக்கி ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சென்றால் குரங்கணி என்னும் சிற்றூர் உளது. கோட்டகுடியாறு அவ்வழியே இறங்கி வருகின்றது. மலைக்குமேல் ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பரந்துள்ளன. வேனிற்காலத்தில் அவ்வழிச் செல்வார் ஒன்றைக் காணலாம். போடிச் சமவெளியில் மழை மறைந்த பக்கத்துக் கரம்பை நிலமெங்கும், வழியோரமெங்கும், மற்றைப் பூண்டுகள் கருகிக் கிடக்க, எருக்கு ஒன்றே சாம்பல் பூத்த பசிய இலையோடு நிற்கும். மலையடி நெருங்க நெருங்க அது குறைந்து, ஏலம் விளையும் ஈர நிழலில் அறவே இல்லையாகும். குறிஞ்சியும் முல்லையும் தத்தம் இயல்பு திரிந்த நிலமே பாலை என்று சிலப்பதிகாரம் கூறிற்று. அவ்விலக்கணத்துக்கு இப்பகுதி கண்கூடான எடுத்துக்காட்டு. எருக்கு, பாலைக்கு உரிய செடி என்பதும் இதனால் விளங்கும்.

எருக்கினுள் இருவகை உண்டு. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது பேரெருக்கு. இதனைத் தாவர நூலார் கலோட்ராபிஸ் ஜைஜான்டியா என்பர். இதன் மலர் பெரும்பாலும் ஊதா நிறத்தது. வெண்மலர் உடையதனை வெள்ளெருக்கு என்று நாம் போற்றுகின்றோம். மற்றொன்று கலோட்ராபிஸ் ப்ரோசெரா எனப்படுவது. உருவிற் சிறியது, இதழ்கள் விரிந்து மடங்காமல் நிமிர்ந்து நின்று நுனியில் ஊதா நிறம் பெற்றிருக்கும். இராசபுத்தானத்து மணற்பாலை முதலாக அரபு நாடும் எகிப்தும் கடந்து ஆப்பிரிக்கப் பெருமணல் வரை வளர்வது இது. சாக்கடலின் அருகே கண்ணுக்கு அழகியதாய்க் கையிற் பறித்தால் புகையும் சாம்பலுமாய்ப் போகும் கனி ஒன்று உண்டென்று கி.பி. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதினார். அஃது இவ்வெருக்கின் காயே எனக் கருதுவார் பலர். வடமொழியார் எருக்கை அர்க்கம் என்றும், அதன் வகையொன்றை அலர்க்கம் என்றும் வழங்கினர். அர்க்கன் என்பது கதிரவனுக்கும் பெயராதல் அறிக.

இனி, எருக்கின் வரலாற்றில் மிகப் பழைய சான்று வேள்வி நூலில் உள்ளது. அக்கினிசயனம் என்னும் பெருவேள்வியில் உருத்திரனைக் குறித்துச் சதருத்திரீயம் ஓதி ஆகுதி செய்யும்போது, மரத்தாலாகிய கரண்டியை விலக்கி எருக்கிலையால் ஆகுதி சொரிக என்று சதபத பிராமணம் விதிக்கின்றது. அக்கடவுள் தங்கிய இடத்தினின்றே எருக்குத் தோன்றிற்று என அந்நூல் காரணமும் கூறும். நாம் நாடோறும் போற்றும் திருவுருத்திரத்தோடு எருக்குக்குள்ள தொடர்பு இத்துணைத் தொன்மையுடையது.

ஆயின், அவ்விதியின் பிற்பகுதியே இக்கட்டுரைக்கு உயிர் போன்றது. ஆகுதி முடிந்தபின் அவ்விலையைக் கண்டவிடத்து எறிந்துவிடலாகாது; பிறர் ஒருவர் அதனை மிதித்துத் துன்புறாவண்ணம் குழியில் இடுதல் வேண்டும் என்று அந்நூல் கட்டளையிடுகின்றது. கடவுளுக்கு உரிய இலை என்று போற்றிய அதே கை, அதனாற் பிறர்க்குத் தீங்கு நேராதபடி மறைத்தும் வைத்தது. போற்றுதலும் காத்தலும் அங்கே பிரியாது நின்றன. இவ்விரண்டும் பிரிந்தபோது விளைந்தவற்றையும் வரலாறு காட்டுகின்றது.

மகாபாரதத்து ஆதிபருவத்தில் உபமன்னியு என்னும் மாணவன் கதை வருகின்றது. தௌமியர் என்னும் ஆசிரியர் அவனைப் பசு மேய்க்க விடுத்து, இரந்துண்ணும் சோற்றையும், பசுவின் பாலையும், கன்றுகள் உமிழும் நுரையையும் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிவிடுகின்றார். பசி பொறாத அவன் காட்டில் எருக்கிலையைத் தின்று கண்ணொளி இழந்து கிணற்றில் வீழ்கின்றான். பின்னர்த் தேவமருத்துவராகிய அசுவினி தேவரைத் துதித்துப் பார்வை பெறுகின்றான். சைவர்க்கு ஒரு சொல்: பாற்கடல் பெற்ற புலிமுனிவர் மைந்தராகிய உபமன்னிய முனிவர் வேறு, இம்மாணவன் வேறு. பெயரொற்றுமை கொண்டு மயங்குவார் உளர். அது நிற்க. எருக்கின் காரமும் கசப்பும் கடுமையும் கண்ணைக் கெடுத்தன என்று அக்கதை காரணம் கூறுதலை நோக்குமிடத்து, கண்ணுக்கும் எருக்குக்கும் உள்ள பகையை அக்காலத்தார் நன்கறிந்திருந்தனர் என்பது பெறப்படும்.

தமிழகத்துக்கு வருவோம். நல்லன தீயன என்னும் வேறுபாடின்றி, எருக்கம்பூவாயினும் அன்பொடு தருவதைக் கடவுள் ஏலேம் என்னார் என்னுங் கருத்தைக் கபிலர் புறநானூற்றில் அமைத்துப் பாரியின் வண்மைக்கு ஒப்புமையாக்கினார். காதல் கைகூடாத தலைவன் பனைமடலாற் செய்த குதிரையூர்ந்து எருக்கங்கண்ணி சூடித் தெருவில் வருதலைக் குறுந்தொகையிற் பேரெயின் முறுவலார் பாடினார். ஓரிடத்தில் எருக்கு எளியார் காணிக்கை. மற்றோரிடத்தில் நாணிழந்தார் மாலை. மக்கள் தாழ்வாக எண்ணிய மலரே கடவுளுக்கு ஏற்றதாயிற்று என்பது இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குவார்க்குப் புலனாம்.

திருத்தலங்களுள் எருக்கைப் பெயரிலேயே உடையது திருஎருக்கத்தம்புலியூர். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்து, இக்காலத்து இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் ஊர் அது. தலமரம் வெள்ளெருக்கு, இறைவன் திருநாமம் சுவேதார்க்கவனேசுவரர். வெள்ளெருக்கங்காட்டு நாதர் என்பது அதன் பொருள். திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் தோன்றிய ஊரும் அதுவே. தில்லை தொழுதபின் யாழ்ப்பாணர் வேண்டிக்கொள்ள, ஆளுடைய பிள்ளையார் நிவாநதிக்கரை வழியே அவ்வூர் சென்று வணங்கினார் என்பது பெரியபுராணம். நஞ்சுண்ட கண்டத்தைப் பெயரிற் கொண்ட அடியார், நஞ்சுடைச் செடி தலமரமாகிய ஊரிற் பிறந்தார் என்பது எண்ணுந்தோறும் இனிக்கின்றது.

தஞ்சை மாவட்டத்துச் சூரியனார்கோயிலுக்கும் தலமரம் வெள்ளெருக்கே. முதற் குலோத்துங்க சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அக்கோயில் குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம் எனப் பெயர் பெற்றுள்ளது. காலவ முனிவர்க்கு வரவிருந்த பெருநோயை மாற்றியமையால் ஒன்பது கோள்களும் தாமே அந்நோயை ஏற்க நேர்ந்ததென்றும், அவை அருகிலுள்ள திருமங்கலக்குடியில் இறைவனை வழிபட்டு, எருக்கிலையில் தயிரன்னம் வைத்து உண்டு நோய் நீங்கினவென்றும் தலபுராணம் கூறும். இலையைத் தின்னாது, இலையில் இட்ட உணவையே உண்டார்கள் என்பது கருதத்தக்கது. இரதசப்தமி நாளில் ஏழு எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடும் வழக்கமும் புறத்தே தீண்டுவதோடு நின்றுவிடுகின்றது.

மருத்துவ நூல்களும் இவ்வகை அளவைக் கைவிட்டில. பால் பயன்படும் மரஞ்செடிகள் மூன்றனைச் சரகர் எண்ணுகின்றார். அவற்றுள் அசுமந்தகத்தின் பால் வாந்திக்கும், கள்ளிப்பால் பேதிக்கும், எருக்கம்பால் அவ்விரண்டுக்கும் உரியன என்பது அவர் முடிபு. உடலைத் துப்புரவு செய்யும் கடுமருந்தாகவே அதனைக் கொண்டார் என்க. சுசுருதர் எருக்கை முதலாக வைத்து ஒரு மருந்துக் குழுவே வகுத்து, கபம், கிருமி, தோல் நோய், நச்சு ஆகியவற்றுக்கு அதனை உரிமையாக்கினார். எருக்கிலையையும் இந்துப்பையும் அடுக்கி மண்கலத்தில் வாய்மூடிச் சுட்டெடுக்கும் அர்க்கலவணம், வயிற்று நோய்க்கும் மண்ணீரல் வீக்கத்துக்கும் வழங்கிற்று. இலைச்சாறும் மஞ்சளும் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய் சொறிக்கும் படைக்கும் பூசப்பட்டது. நம் சித்த மருத்துவர் எருக்கம்பாலைப் பற்பம் செந்தூரம் முடிக்கும் அரைப்புக்குக் கொண்டனர். வெள்ளெருக்கம்பூவை மிளகோடு அரைத்து உருட்டி இரைப்பு நோய்க்குத் தந்தனர். இவையெல்லாம் அளவும் சுத்தியும் அறிந்தார் கைக்குரியவை. அவற்றை நாமே செய்துகொள்ளுமாறு ஈண்டு எழுதினேன் அல்லேன்.

போடியிலும் குரங்கணியிலும் முன்னாளில் வழங்கிய கைமருந்துகள் இன்னும் எளியவை. ஏலத்தோட்டத்துக்குக் கூலிவேலைக்குச் செல்வார் விடியுமுன் எழுந்து, குரங்கணியிலிருந்து மலைப்பாதையில் கால்நடையாகவே ஏறினர். முள் தைத்து ஒடிந்தால், அவ்விடத்தில் எருக்கம்பால் ஒரு துளி வைப்பர். மறுநாள் தோல் இளகி முள் மேலெழும் என்பது அவர் அனுபவம். மலையிறங்கிக் குதிகால் கடுத்தால், சுட்ட செங்கல்லின்மேல் பழுத்த எருக்கிலை பரப்பி அதன்மேற் காலை ஊன்றுவர். தேள் கொட்டிய வாயிற் பாலைத் தடவுவதும் உண்டு. அத்தொழிலில் நரைத்த முதியவர் ஒருவரைக் கோட்டகுடியாற்றுக் கரையிற் கண்டு இவற்றைக் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், பால் எடுத்த விரலை மண்ணில் தேய்த்துக் கழுவாமல் எவரையும் தொடலாகாது என்று தம் தாய் தமக்குக் கற்பித்ததாகவும், குழந்தைகள் கண்ணெதிரே செடியை ஒடிக்கவே மாட்டார் என்றும் கூறினார். வேள்விக்குழியில் இலையைப் புதைத்தவர் அறிவும், எழுத்தறியாத அத்தாயின் அறிவும் ஒன்றே அன்றோ!

மேனாட்டார் எருக்கை அறிந்த வரலாறும் சிறிது கூறுதல் தகும். 1592-ஆம் ஆண்டில் புரோஸ்பெரோ ஆல்பினி என்னும் இத்தாலிய மருத்துவர் எகிப்தியச் செடிகளைப் பற்றிய தம் நூலில் இதனைச் சேர்த்தார். குரங்கணி மலைக்கு அப்புறத்து மலையாள நாட்டில், கொச்சியின் ஒல்லாந்த ஆட்சித் தலைவராயிருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர் துணைகொண்டு ஆர்த்தூசு மலபாரிக்கூசு என்னும் நூலை 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவரச் செய்தார். அதன் இரண்டாந் தொகுதியில் எருக்கு அப்பெயராலேயே படத்துடன் உளது. சென்னையிற் பணிபுரிந்த ஆங்கில மருத்துவர் எயின்ஸ்லி, 1813-இலும் 1826-இலும் வெளியிட்ட நூல்களில் நாட்டு மருந்துகளைத் தொகுத்தபோது, எருக்கைத் தமிழ்ப் பெயரின் திரிபாகிய எர்க்கம் என்னும் பெயராற் குறித்தார். 1868-இல் வேரிங் தொகுத்த இந்திய மருந்து நூலில் எருக்கின் வேர்ப்பட்டை இடம்பெற்றது. வயிற்றளைச்சலுக்குத் தென்னமெரிக்காவிலிருந்து வரும் இபிகாக்குவானா என்னும் விலைமிக்க வேருக்கு ஈடாக அதனை வழங்கலாம் எனக் கருதினர்.

எருக்கின் நஞ்சு எத்தகையது என்பது 1930-களிலேதான் தெளிவாயிற்று. ஆப்பிரிக்க வேடர் அம்பு நுனியில் தடவும் நஞ்சை ஆராய்ந்த ஜெர்மானிய வேதியியலார், எருக்கம்பாலிலிருந்து கலோட்ராபின் முதலிய பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவை நெஞ்சத் துடிப்பைத் தாக்குவன. 1785-இல் வித்தரிங் என்னும் ஆங்கிலேயர் நீர்க்கோவைக்கு மருந்தென வெளியிட்ட டிஜிடாலிஸ் இலையின் சத்தும் இவ்வினத்ததே. அதில் நலஞ்செய்யும் அளவுக்கும் உயிர்போக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. எருக்கிலையையே தின்று வளரும் கம்பளிப்புழு ஒன்று உண்டு. அந்நஞ்சைத் தன் உடலில் தேக்கிக்கொண்டு, செம்மஞ்சட் பட்டாம்பூச்சியாய்ப் பறக்கும். அதனைப் பறவைகள் உண்ண அஞ்சும். எல்லா உயிர்க்கும் அப்பேறு வாய்த்ததன்று.

இனி, முன்னர்க் குறித்த நிகழ்ச்சியைக் கூறுவேன். யான் தமிழாசிரியனாய் இருந்த காலத்தில் ஒரு விநாயக சதுர்த்தியன்று மாலை கட்டுதற்கு எருக்கம்பூப் பறித்து வருமாறு மாணவரை ஏவினேன். ஒருவன் பால் படுமே என்று தயங்கினான். இறைவன் சூடும் மலர் தீங்கு செய்யாது என்று யான் கூறினேன். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பால்பட்ட கையாற் கண்ணைக் கசக்கிக்கொண்டான். நோவு சிறிதும் இல்லாமையின் அவனும் சொல்லவில்லை, யானும் அறியவில்லை. மறுநாட் காலையில் அவன் கண்ணுக்கு எல்லாம் பனிமூடியதுபோல் தோன்றிற்று. மதுரைக்கு அழைத்துச் சென்று காட்டினோம். எருக்கம்பால் விழியின் முன்படலத்து உட்புறத்தைத் தாக்கி வீங்கச் செய்யும். உணர்ச்சியை மரக்கச் செய்வதால் நோவு தோன்றாது. தோன்றாமையே பெருங்கேடு என்று கண்மருத்துவர் விளக்கினார். உடனே நீரால் நெடுநேரம் கழுவியிருக்க வேண்டும் என்றார். ஏறத்தாழ ஒரு திங்கள் மருந்திட்டபின் பார்வை தெளிந்தது. உபமன்னியுவின் கதையைப் பலமுறை பாடஞ்சொன்ன யான், அதன் பொருளை அன்றுதான் அறிந்தேன். சிறுவனுடைய தாய் என்னை ஒரு சொல்லும் கடிந்திலள். அஃது இன்றும் என்னை வருத்துகின்றது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அதனைக் கூறாது விடுத்தால் இவ்வரலாறு குறையுடையதாம். மதுரையிலிருந்து போடிக்கு வரும் பெருவழியில் உள்ள உசிலம்பட்டி வட்டாரத்தில், பிறந்த பெண்மகவைக் கொல்லும் கொடுமை நிகழ்வதை 1986-ஆம் ஆண்டிற் பத்திரிகைகள் நாடறிய வெளியிட்டன. பெண்மகவுக் கொலையைத் தடுக்க 1870-இலேயே சட்டம் உண்டாயிருந்தும், வறுமையும் சீர்வரிசைச் சுமையும் அச்சட்டத்தை எளிதாகத் தாண்டின. அக்கொலைக்குக் கருவியானவற்றுள் எருக்கம்பாலும் ஒன்று. ஏழைகள் காணிக்கைக்கு எளிதிற் கிடைத்த செடி, ஏழைகள் கொலைக்கும் எளிதிற் கிடைத்தது. தமிழ்நாட்டரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, வேண்டாவென்று விடப்படும் மகவுகளை ஏற்று வளர்க்க வழிசெய்தது. சீகாழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்குப் பால் ஊட்டிய அம்மையைப் பாடும் நாடு இது. அந்நாட்டில் அழும் பிள்ளைக்கு எருக்கம்பால் ஊட்டிய கையும் இருந்தது என்பதை எண்ணி நாணுதல் நம் அனைவர்க்கும் கடன். ஒரு சாராரைச் சுட்டிக் குறைகூறி நாம் தப்புதற்கில்லை. எருக்கம்பூ மாலை கட்டிய நாம், அப்பாலின் தன்மையையும் பெண்மகவின் அருமையையும் ஒருசேர ஊரார்க்கு எடுத்துரைத்தோமா என்பதே கேள்வி.

மருத்துவத்திலும் போற்றுதல் ஒன்றே போதாது என்பதற்குப் பெருநோயே சான்று. நெடுங்காலம் அந்நோய்க்கு எருக்கை நம்பினர். 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் சிலரும் அந்நம்பிக்கை கொண்டனர். 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தே அதனை முற்றும் தீர்க்க வல்லதாயிற்று. இதனை ஒப்புக்கொள்வதால் திருமங்கலக்குடித் தலபுராணத்துக்கு இழுக்கில்லை. அன்னம் இட்ட இலை எருக்கு. நோய் தீர்த்தவன் இறைவன் என்பதே அப்புராணத்தின் கருத்து.

இறைவன் உயிர்களுக்குச் செய்யும் அருளுக்கு மருத்துவனை உவமை கூறுவார் சிவஞான சித்தியார் ஆசிரியராகிய அருணந்தி சிவாசாரியர். சில நோயை அறுத்தும் கீறியும், சில நோயைக் கட்டியும் பாலும் கலந்து கொடுத்தும் மருத்துவன் தீர்ப்பான். இறைவன் செயலும் அத்தகையது என்பது அவர் விளக்கம். நோயும் பக்குவமும் அறிந்து கொடுத்தலே மருத்துவம். அறியாது கொடுத்தால் அமிழ்தமும் கேடாகும். ஆலகாலத்தைத் திருமிடற்றில் நிறுத்திய பெருமான், தேவர்க்கும் தீங்கு வாராமல், நஞ்சையும் எங்கும் பரவவிடாமல் தன்னிடத்தே அடக்கினான். அவன் சூடிய எருக்கை நாம் கையில் எடுக்கும்போது நமக்கு வேண்டுவதும் அவ்வடக்கமே.

ஆதலின் சைவ அன்பர்கட்கு ஒன்று வேண்டிக்கொள்கின்றேன். சதுர்த்திக்கும் இரதசப்தமிக்கும் எருக்கைப் பறிக்கும்போது சிறுவரை ஏவாது பெரியோரே பறியுங்கள். பறித்த கையைக் கழுவுங்கள். பால் கண்ணிற் பட்டால் நோவில்லை என்று இருந்துவிடாது நீரால் நெடிது கழுவி உடனே மருத்துவரை நாடுங்கள். எருக்கம்பாலை எந்நோய்க்கும் தாமாக உட்கொள்ளவேண்டா. வழிபட்ட மாலையை வாடியபின் குழந்தைகளும் கால்நடைகளும் தீண்டாத இடத்திற் புதையுங்கள். சதபத பிராமணம் வேள்வி செய்தார்க்கு இட்ட கட்டளையும், கோட்டகுடியாற்றங்கரை முதியவர்க்கு அவர் தாய் இட்ட கட்டளையும் இவையே. வழிபாட்டின் பகுதியாகவே இவற்றைக் கொள்வோமாக.

திருச்சிற்றம்பலம்